பிள்ளைகள் கையில் பாட்டில்: பெங்களூரில் எந்தத் தடை பலிக்கும்?

அல்சூரிலோ விவேக்நகரிலோ பெற்றோர் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு மது கிடைப்பதை எப்படித் தடுப்பது என்ற பேச்சை எடுத்தால் முதல் கைதட்டல் விழிப்புணர்வு வகுப்புக்குத்தான். அடுத்தது வயது வரம்பு. விலையேற்றம் என்றதும் முகம் சுளிப்பார்கள். அப்பாக்களுக்கும் அதே கடைதானே. உலகச் சுகாதார நிறுவனம் முன்னால் வைப்பதோ வரி, கிடைக்கும் இடமும் நேரமும், விளம்பரத் தடை. வகுப்பு மட்டும் நடத்தினால் குடி பெரிதாகக் குறைவதில்லை.

மது வாங்கும் வயதை 21லிருந்து 18 ஆக்க 2023 ஜனவரியில் கர்நாடக அரசு வரைவு வெளியிட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதம் திரும்பப் பெற்றது. மக்கள் 21 பக்கம் நின்றது சரி. ஆனால் 1965 கலால் சட்டத்தில் இருப்பது 18, 1967 விதிகளில் 21. இந்த இடைவெளி கடைக்காரருக்கு வசதி. டெல்லியில் 25, மும்பையில் பீருக்கு 21, விஸ்கிக்கு 25. கல்லாவில் யாரும் கேட்காவிட்டால் எந்த எண்ணும் வெறும் போர்டுதான்.

ஒயின் ஷாப்பில் கம்பி வலைக்குள் கை நீளும், நோட்டு போகும், குவார்ட்டர் வரும். முகத்தை யார் பார்க்கிறார்கள்? 'இந்தத் தேதிக்கு முன் பிறந்தவருக்கு மட்டும்' என்று தினமும் தேதி மாற்றி எழுதினால் கணக்குப் போடும் வேலை மிச்சம். அடையாள அட்டையின் ஜெராக்ஸையும் போன் போட்டோவையும் ஏற்கக் கூடாது. அண்ணன் கார்டைத் தம்பி நீட்டுவது வழக்கம் என்பதால் படத்தையும் முகத்தையும் ஒப்பிட வேண்டும். கடையைச் சோதிக்க 19 வயதுக்காரரைச் சொந்த அடையாள அட்டையோடு அனுப்பலாம். வயது கேட்டால் பொய் சொல்லக் கூடாது. சிறுவரை இழுக்காமலே விதிமீறல் தெரிந்துவிடும்.

வெளியே நிற்கும் அண்ணன் வாங்கிக் கொடுத்தால் இந்தச் சோதனையில் சிக்காது. 18 வயதுக்குக் கீழானவருக்கு மது கொடுத்தால் சிறார் நீதிச் சட்டம் 77ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். தெருவில் இது தெரிந்தவர் குறைவு. வகுப்பு நடத்துவதானால் இதைச் சொல்லுங்கள்.

விளம்பரத் தடை ஏற்கெனவே உண்டு. அதே மது லேபிள் சோடா விளம்பரமாக வருகிறது.

விலைதான் சிக்கல். நாலு பையன்கள் காசு சேர்த்தால் கட்டிங்குக்குத் தேறிவிடும். 2023 ஜூலையில் விஸ்கி, ரம் போன்றவற்றின் கலால் வரியை 20% ஏற்றினார்கள். வரி ஏறினால் குடிப்பவர் மலிவு ரகத்துக்கு இறங்கலாம். வீட்டு அரிசிக் காசும் கரையலாம். அந்தப் பயம் நியாயமானது. ஸ்காட்லாந்து ஒரு யூனிட் மதுவுக்கு (10 மி.லி. சுத்த ஆல்கஹால்) குறைந்தபட்ச விலையை 2018இல் 50 பென்ஸ் என வைத்து, 2024இல் 65 ஆக்கியது. அங்கே இறங்க மலிவு ரகமே இல்லை. இங்கே அதற்கு ஆதரவு திரட்ட நாளாகும். கல்லாச் சோதனைக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள், அதை முதலில் கேட்கலாம்.