ஸ்டாண்டிங் டிக்கெட்டுக்கு வரிசை பிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

எட்டாயிரம் ரூபாய் போய்விட்டது. அகமதாபாத்தில் கோல்ட்ப்ளே என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் நிகழ்ச்சிக்கு எங்களிடம் நல்ல டிக்கெட்டே இருந்தது. வரிசையில் முன்னால் இடம் பிடித்துத் தருவதாகச் சொன்ன கும்பல்தான் இந்தப் பணத்தைப் பிடுங்கிக்கொண்டது. நவஜீவன் ரயிலில் சென்னைக்குத் திரும்பிக்கொண்டே இதை எழுதுகிறேன். ஆறப்போட்டால் எழுதாமலே விட்டுவிடுவேன். அதற்குள் அடுத்த நிகழ்ச்சிக்கு இன்னும் நாலு பேரிடம் வசூல் பண்ணிவிடுவார்கள்.

ஸ்டாண்டிங் டிக்கெட் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அதில் இருக்கை எண் கிடையாது. மேடைக்கு எதிரே மைதானத்தின் தரைப்பகுதிக்குள் போகலாம், அவ்வளவுதான். யார் முதலில் உள்ளே ஓடுகிறார்களோ அவர்களுக்கு மேடையை ஒட்டிய தடுப்புக் கம்பி கிடைக்கும். பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகும் தூக்கிப் பிடித்த செல்போன்களும்தான். நவம்பர் 16 அன்று விற்பனை தொடங்கியபோது ஆன்லைனில் காத்துக் கிடந்து, தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம் கொடுத்து இரண்டு டிக்கெட் எடுத்தேன், எனக்கும் தங்கைக்கும். அவள் ஐந்தடிக்கும் குறைவு. கம்பியோரம் இடம் கிடைத்தால்தான் அவளால் எதையாவது பார்க்க முடியும்.

அப்போதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. வெளியூர் கச்சேரிகளுக்குப் பயண ஏற்பாடு செய்வதாகச் சொல்லும் சமூக வலைதளப் பக்கம் அது. தலைக்கு 4,000 ரூபாய். அவர்களுடைய ஆட்கள் முந்தின நாள் இரவிலிருந்தே கேட் வாசலில் நமக்காக நிற்பார்களாம். நமக்கு ஒரு வரிசை எண் வரும். மதியம் போய் அந்த இடத்தில் நின்றுகொண்டால் போதும். மும்பையில் ஜனவரி 18, 19, 21 நிகழ்ச்சிகளுக்கு இதே வேலையைச் செய்ததாக ஏகப்பட்ட படங்கள் போட்டிருந்தார்கள்.

போன் செய்தேன். நம்மூர்ப் பையன், தமிழில்தான் பேசினான். விலையைப் பற்றி அவன் முதலில் வாயே திறக்கவில்லை. "தங்கச்சி கூட்டத்துல பயப்படுவாங்களா அக்கா? வீசிங் ஏதாச்சும் இருக்கா? சொல்லிடுங்க, காத்து வர்ற மாதிரி ஓரமா இடம் போடச் சொல்றேன்" என்றான். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் உண்டு. அந்தக் கேள்வியில் என் மனசு இளகிவிட்டது. எட்டாயிரத்தையும் ஒரே தவணையில் அனுப்பினேன். பணம் போன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. கேட்டதற்கு, "அது எங்க அக்கவுண்டன்ட் அக்கா" என்றான்.

எங்கள் நிகழ்ச்சி நாளான ஜனவரி 25ஆம் தேதி விடிகாலை வீடியோ வந்தது. இரும்புத் தடுப்பு, குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆட்கள், மார்க்கரால் எண் எழுதிய மணிக்கட்டுகள். கூடவே ஒரு செய்தி: "உங்க நம்பர் 41, 42. நீங்களும் கையில எழுதிக்கோங்க." எழுதிக்கொண்டோம்.

மொட்டேரா மெட்ரோ நிலையத்தில் இறங்கியதுமே கூட்டம் ஆளைத் தள்ளிக்கொண்டு போனது. நரேந்திர மோடி ஸ்டேடியத்தில் கிரிக்கெட்டுக்கே 1,32,000 பேர் உட்காரலாம், அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எங்கள் கேட்டில் அவனும் இல்லை, அவன் ஆட்களும் இல்லை. போனை எடுத்தவன், "நேரா முன்னாடி போய் நம்பரைக் காட்டுங்க அக்கா" என்றான். காட்டினேன். அங்கே நின்ற பெண் போலீஸ் என் மணிக்கட்டையும் முகத்தையும் ஒரு முறை பார்த்துவிட்டு, பின்னால் போகும்படி கையைக் காட்டினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. மார்க்கர் எழுத்துக்கு அங்கே ஒரு மதிப்பும் கிடையாது. ஸ்கேன் ஆகிற டிக்கெட், சோதனை, இரண்டுதான்.

இன்னொன்றையும் அங்கேதான் பார்த்தேன். சோதனைக்குப் பெண்களுக்குத் தனி வரிசை. வீடியோவில் எங்களுக்காக நின்றதாகக் காட்டிய அத்தனை பேரும் ஆண்கள். அவர்கள் நிஜமாகவே ராத்திரி முழுக்க நின்றிருந்தாலும் எங்கள் இருவருக்கும் அந்த இடத்தால் ஒரு பிரயோஜனமும் இருந்திருக்காது. இது தெரியாமலா இத்தனை நாள் தொழில் செய்கிறார்கள்?

வரிசையின் கடைசிக்கு நடந்தோம். வெயில் நன்றாக ஏறியிருந்தது, தண்ணீர் பாட்டிலை வெளியிலேயே போட்டுவிட்டோம். எங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து வந்த இரண்டு கல்லூரிப் பெண்கள் நின்றார்கள். தமிழ்க் குரல் கேட்டுத் திரும்பினார்கள். அதில் ஒருத்தி என் கையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தன் கையை நீட்டினாள். 41. பக்கத்தில் நின்றவள் கையில் 42. அதே பையன், அதே வீடியோ, அதே நாலாயிரம். அவர்களிடமும் "வீசிங் இருக்கா?" என்று கேட்டிருக்கிறான்! எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

நிகழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். எல்லார் கையிலும் கட்டிவிட்ட விளக்குப் பட்டைகள் ஒன்றாக ஒளிர்ந்தபோது நானும் கத்தினேன். தங்கை மட்டும் பெரும்பாலும் பக்கத்துத் திரையைத்தான் பார்த்தாள். மேடை தெரியட்டும் என்று இரண்டு பாட்டுக்கு அவளைத் தூக்கிப் பிடித்தேன்.

அப்புறம் ஆரம்பித்தது பணத்தைக் கேட்கும் படலம். முதலில், "டீம் லீடர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன் அக்கா." பிறகு, "போலீஸ் வரிசையைக் கலைச்சிட்டாங்க, அதுக்கு நாங்க என்ன பண்றது?" அதே இரண்டு எண்களை நாலு பேருக்குக் கொடுத்ததைக் கேட்டேன். "அது பேட்ச் நம்பர்" என்றான். அதுவரை அந்த வார்த்தையே வந்ததில்லை. கடைசியில் அக்கா போய் மேடம் வந்தது: "சர்வீஸ் கொடுத்தாச்சு மேடம், ரீஃபண்ட் பாலிசி இல்ல. வேணும்னா அடுத்த ஷோவுக்குப் பாதி விலை." எட்டாயிரத்தைப் பிடுங்கியவனுக்கு இன்னும் கொடுக்க வேண்டுமாம். அந்தப் பக்கத்தில் நான் போட்ட கருத்தை அழித்துவிட்டு என்னையும் பிளாக் செய்துவிட்டார்கள். வங்கியின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால், பின் நம்பர் போட்டு நீங்களே அனுப்பிய பணம், எங்களால் திருப்ப முடியாது என்கிறார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், ரயிலில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

வரிசையில் இடம் யாராலும் விற்க முடியாது. கேட்டில் நிற்பவர்களுக்கு உங்கள் டிக்கெட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாது. முன்னால் நிற்க ஆசையா, நீங்களே சீக்கிரம் போய் நில்லுங்கள். நிறுவனம் என்று சொல்லிவிட்டுத் தனி ஆள் கணக்குக்குப் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பணம் போய்விட்டால் அவர்கள் இழுத்தடிப்பதை நம்பிக் காத்திருக்காமல் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். நான் டீம் லீடருக்காகக் காத்திருந்த நேரத்தில் அவர்கள் பணத்தை எங்கே மாற்றினார்களோ தெரியாது. சாட், ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

இதே ஆளிடம் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். கோயம்புத்தூர்ப் பெண்கள் புகாரில் சேர்ந்துகொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். சென்ட்ரலில் இறங்கியதும் முதல் வேலை அதுதான்.