உரித்து எடுக்கலாம் என்று சொல்லி விற்ற ஸ்ப்ரே: கார் எம்ப்ளத்துக்குக் கறுப்பு அடிக்க நினைப்பவர்கள் கவனத்துக்கு

பொள்ளாச்சியில் எங்கள் வீட்டுக் காரின் டிக்கிக் கதவில் இப்போது கம்பெனிச் சின்னமான எம்ப்ளம் இல்லை. அது இருந்த இடத்தைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் பளபளப்புப் போய், பழைய சிலேட்டைப் போல வெளுத்துக் கிடக்கிறது. அப்பா பதினான்கு ஆண்டுகளாகத் தினமும் காலையில் துடைத்துக் காப்பாற்றிய கார் அது. அதை இந்த நிலைக்குக் கொண்டுவந்தது ரூ.900 கொடுத்து நான் வாங்கிவந்த ஒரு ஸ்ப்ரே டப்பா. இதே வேலையை வீட்டிலேயே செய்து பார்க்கலாம் என்று நினைக்கும் இளைஞர்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருப்பதால், நடந்ததை விடாமல் எழுதுகிறேன்.

குரோம் எம்ப்ளத்தைப் பளபளப்பில்லாத மேட் கறுப்பாக மாற்றுவதற்கு உரிய சரக்கு சாதாரணப் பெயிண்ட் அன்று. காய்ந்ததும் ரப்பர் படலமாகி, வேண்டாதபோது நகத்தால் நெம்பி உரித்துவிடக்கூடிய பூச்சு. அமெரிக்கத் தயாரிப்பான பிளாஸ்டி டிப் இவ்வகையில் பெயர்பெற்றது. கருவிகளின் கைப்பிடியை முக்கி எடுப்பதற்கென்று தொடங்கி, பின்னர் ஸ்ப்ரேயாகவும் வந்து கார்க்காரர்களிடம் பரவியது. (நான் வாங்கியது அது இல்லை, பெயர் கேள்விப்படாத ஒரு டப்பா.) இந்தப் பூச்சில், எம்ப்ளத்தின் விளிம்பை ஒட்டி டேப்பை நறுக்கி ஒட்டும் சிரமம் கிடையாது. சுற்றிலும் ஓரிரண்டு அங்குலம் இடம்விட்டுத் தாளை ஒட்டி, எம்ப்ளத்தின் மேலும் அந்த இடைவெளியின் மேலும் சேர்த்தே அடித்துவிட்டு, காய்ந்தபின் பாடியின் மேல் படிந்ததை மட்டும் உரித்தெடுத்தால், எம்ப்ளத்தில் மட்டும் கறுப்பு நிற்கும். முறை முழுவதும் உரியும் என்ற ஒரே குணத்தை நம்பியிருக்கிறது. டப்பாவுக்குள் வேறு சரக்கு இருந்தால், காரின் பாடிக்கே நம் கையால் கறுப்புப் பெயிண்ட் அடித்தவர்களாகிவிடுவோம். எனக்கு நேர்ந்தது அதுதான்.

ஆடி மாதத்தில் கோவையில் கார் அலங்காரப் பொருள்கள் விற்கும் ஒரு கடையில் அதை வாங்கினேன். "இது ரப்பர் கோட்டிங்தானுங்களா, உரிஞ்சு வருமுங்களா?" என்று இரண்டு முறை கேட்டேன். "வாழைப்பழத் தோலாட்ட வந்துருமுங்க தம்பி, புடிக்கலீன்னா மறுநாளே எடுத்துப் போடலாம்" என்றார் கடைக்காரர். பில் கேட்டபோது, ஜிஎஸ்டி சேர்த்தால் விலை கூடும் என்று சொல்லி, 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தது என் தவறு.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எங்கள் ஊரில் எப்படி அடிக்கும் என்பது தெரியும் என்பதால், காற்று அடங்கியிருந்த ஒரு விடியற்காலையில், போர்ட்டிகோவின் பக்கவாட்டில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். ஷாம்பு போட்டுக் கழுவி, மெழுகுப் பிசுக்குப் போகத் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, கால் மணி நேர இடைவெளியில் ஐந்து கோட் அடித்தேன். படலம் மெல்லிசாக இருந்தால் உரிக்கும்போது கிழிந்துபோகும் என்பதால் நான்கு கோட்டுக்குக் குறையக் கூடாது என்று படித்திருந்தேன். அன்று மாலை ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தேன். தோலாக எழும்பவில்லை, கறுப்புத் தூளாக நகத்துக்குள் ஏறியது.

கடைக்குப் போன் செய்தேன். "கோட் பத்தாதுங்க, இன்னும் ரெண்டு அடிங்க, சேர்ந்து வந்துரும்" என்றார். உண்மையான ரப்பர் பூச்சுக்கு இது சரியான வழிதான். மெல்லிய படலத்தின் மேல் மறுபடி அடித்துத் தடிப்பாக்கினால் சேர்ந்து உரியும். அதனாலேயே நம்பினேன். டப்பாவில் மிச்சமிருந்ததையும் அதன் மேலேயே அடித்துத் தீர்த்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கேட்டபோது, பெயிண்டைக் கரைக்கும் தின்னரில் துடைக்கச் சொன்னார்.

இங்கேதான் காரே கெட்டது. கார் எம்ப்ளங்கள் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கின் மேல் குரோம் முலாம் பூசியவை. முலாம் மிக மெல்லியது. பிளாஸ்டிக்கோ தின்னர் பட்டால் இளகக்கூடியது. துணியை அழுத்திய மூன்றாவது நிமிடத்தில் ஓரத்தில் குரோம் சுருங்கி, வெள்ளித் தாளைப் போல எழுந்தது. சுற்றியிருந்த கறுப்பு கொஞ்சம் கரைந்தது. அதோடு, பெயிண்டின் மேல் நிறமில்லாமல் இருக்கும் கிளியர் கோட்டின் பளபளப்பும் போயிற்று.

காலி டப்பாவைத் தூக்கிப் போடப் போகும்போது கை ஈரத்தில் அதன் ஸ்டிக்கர் ஒரு மூலையில் வழுகியது. மெதுவாக உரித்தேன். அடியில் டப்பாவிலேயே அச்சிட்டிருந்த வேறொரு பெயர். அதன் கீழே சாதாரண மேட் கறுப்பு ஸ்ப்ரே பெயிண்ட் என்ற குறிப்பு, அதிகபட்ச விலை ரூ.240. அந்த டப்பாவில் உரிந்து வந்தது அந்த ஸ்டிக்கர் ஒன்றுதான். நேரில் கொண்டுபோய்க் காட்டியபோது, "பில்லு இருக்குதுங்களா?" என்று கேட்டார்கள்.

கையில் இருந்தது யூபிஐ பணப்பரிவர்த்தனைப் பதிவும் துண்டுச் சீட்டும் மட்டுமே. இரண்டையும், மேல் ஸ்டிக்கரும் அடி அச்சும் ஒன்றாகத் தெரியும்படி எடுத்த படங்களையும் வைத்து, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். டப்பாவின் விலையைத் திருப்பித் தருவதாகக் கடையிலிருந்து தகவல் வந்தது. டிக்கிக் கதவுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கப் பட்டறையில் கேட்பது ரூ.4,500, எம்ப்ளம் தனி. ஆகவே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை.

நீங்கள் வாங்குவதானால், டப்பாவில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவர் முகவரி, தயாரித்த மாதம், ஆண்டு, அதிகபட்ச விலை, புகாருக்கான தொலைபேசி எண் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்; 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் அவற்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. ஸ்டிக்கரின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். இறக்குமதிச் சரக்கில் அந்த விவரங்களை ஸ்டிக்கராக ஒட்டுவது வழக்கம்தான். ஆனால் பொருளின் பெயரையே மறைத்து ஒட்டியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் காரைத் தொடாமல், பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றில் நாலைந்து கோட் அடித்து ஒரு நாள் காயவிட்டு உரித்துப் பாருங்கள். ரப்பராக இருந்தால் முழுத் தோலாக இழுத்துக்கொண்டு வரும். அந்தத் தட்டுச் சோதனையை நான் செய்திருந்தால் எனக்கு ரூ.900 மட்டுமே நட்டம்.

ஏற்கெனவே அடித்துவிட்டு, எனக்குப் போலத் தோலாக உரியாமல் தூளாக வந்து தவிப்பவர்கள் மேலே இன்னொரு கோட் அடிக்க வேண்டாம். தின்னரைத் தொடவே வேண்டாம். அன்றைக்கே நல்ல பெயிண்டரிடம் காரைக் கொண்டுபோங்கள். எங்கள் பட்டறைப் பெயிண்டர் அண்ணன் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "மொத நாளே வந்திருந்தீங்கன்னா பாலிஷ் காம்பவுண்ட் போட்டுத் தேச்சே எடுத்திருப்பேனுங்க, ஐநூறு ரூவாய்ல முடிஞ்சிருக்கும்" என்றார்.