இணையம் இல்லாத ஃபயர்வாலுக்கு அப்டேட்: பென் டிரைவா, லேப்டாப்பா, உள் சர்வரா?

கிருஷ்ணகிரி சுற்றுவட்டார மாங்கூழ் ஆலைகளிலும் ஓசூர் சிப்காட் தொழிற்கூடங்களிலும் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் நெட்வொர்க்கை இணையத்திலிருந்து பிரித்து வைப்பது நல்ல வழக்கம். அலுவலகப் பக்கத்துக்கும் இயந்திரப் பக்கத்துக்கும் நடுவில் நின்று தரவுப் போக்குவரத்தை வடிகட்டும் ஃபயர்வாலுக்கும் அப்போது இணைய வழி இருக்காது. ஆனாலும் அதன் ஃபர்ம்வேரில் (கருவிக்குள் இயங்கும் மென்பொருளில்) கண்டறியப்படும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைத்தே ஆகவேண்டும். "அரை மணி நேரம் செல்போன் ஹாட்ஸ்பாட்டைக் கொடுத்து இறக்கிக்கொள்ளலாமே" என்று யாராவது சொல்வார்கள். பிரித்து வைத்ததன் காரணமே அதோடு போய்விடுவதால், அந்த யோசனையை இங்கே கணக்கில் எடுக்கவில்லை.

எஞ்சிய வழிகளில் முதலாவது, பென் டிரைவை நேரடியாக ஃபயர்வாலில் செருகுவது. ஃபோர்ட்டிகேட் என்ற வகை ஃபயர்வால்களில், கட்டளைகளை நேரடியாகத் தட்ட உதவும் கன்சோல் கேபிளை இணைத்து ஒரே கட்டளையில் டிரைவிலுள்ள ஃபர்ம்வேரை ஏற்றிவிடலாம். உரிய பெயரில் கோப்பை வைத்துக் கருவியை மறுதொடக்கம் செய்தால் அது தானாகவே படித்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஐபி முகவரியோ உலாவியோ தேவையில்லை என்பது இதன் பலம். சிக்கல் பெரும்பாலும் டிரைவின் ஃபார்மட்டில் வரும். கடையில் வாங்கும் 64 ஜிபி டிரைவ்கள் பொதுவாக எக்ஸ்ஃபேட் என்ற ஃபார்மட் முறையில் வருகின்றன. பல ஃபயர்வால்களோ ஃபேட்32 என்ற பழைய முறையை மட்டுமே படிக்கும் என்பதால், டிரைவ் செருகப்பட்டதையே அறியாததுபோல் அமைதியாக இருக்கும். 16 ஜிபி டிரைவ் ஒன்றை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து வைத்துக்கொண்டால் தொல்லை தீரும். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தொட முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

இந்த வழியின் உண்மையான பலவீனம் வேறு. தானாகப் படிக்கும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால், ஃபயர்வால் பொருத்தப்பட்ட ரேக் (கருவிகளை அடுக்கும் சட்டம்) உள்ள அறைக்குள் நுழைந்து டிரைவைச் செருகி மின்சாரத்தை நிறுத்திப் போடும் எவரும் கருவியின் அமைப்பை (செட்டிங்ஸை) மாற்றும் வாய்ப்பைப் பெறுகிறார். பூட்டப்படாத ரேக்குகளும் இருக்கும் நிலையில், தேவையில்லாதபோது அந்த வசதியை அணைத்து வைப்பதே முறை. டிரைவ் கடந்து வரும் கணினிகளும் கவலைக்குரியவை: 2010-இல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்ற தீநிரல், இணையத்தோடு தொடர்பில்லாத ஈரானின் நதான்ஸ் அணு நிலையத்தைப் பாதித்தபோது பரவுவதற்குப் பயன்படுத்திய முக்கிய வழிகளில் பென் டிரைவும் ஒன்று. டிரைவின் கட்டுப்பாட்டுச் சில்லையே மாற்றி எழுதி, அதை விசைப்பலகைபோல் நடிக்கச் செய்யலாம் என்பதையும் 2014-இல் ஆய்வாளர்கள் நிரூபித்துக் காட்டினர். அத்தகைய டிரைவை எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் பயனில்லை.

இரண்டாவது வழியிலும் பென் டிரைவ் உண்டு, ஆனால் அது ஃபயர்வாலைத் தொடுவதில்லை. இணையமுள்ள கணினியில் கோப்பை இறக்கி, இந்த வேலைக்கென்றே ஒதுக்கிய லேப்டாப்புக்கு டிரைவில் கொண்டுவந்து, வைரஸ் சோதனை முடித்து, ஃபயர்வாலின் மேனேஜ்மென்ட் போர்ட்டில் (நிர்வாகத்துக்கென ஒதுக்கிய இணைப்பில்) கேபிளைச் செருகி நிர்வாகப் பக்கம் வழியாக ஏற்ற வேண்டும். செக் பாயிண்ட், பாலோ ஆல்டோ நிறுவனங்களின் ஃபயர்வால்களும் இவ்வாறு கோப்பை ஏற்க இடம் தருகின்றன. குறியாக்கத்தோடு கோப்பை அனுப்பும் எஸ்சிபி வழியாக அனுப்பினாலும் சரி. டிஎஃப்டிபி என்ற எளிய கோப்பு அனுப்பும் முறையில் கடவுச்சொல்லோ குறியாக்கமோ இல்லாததால், நேரடிக் கேபிளுக்கு அப்பால் அதைப் பயன்படுத்தக்கூடாது.

லேப்டாப்பில் இருப்பதன் பெரிய நன்மை, ஏற்றும் முன் ஹேஷ் மதிப்பை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் கைரேகை போன்ற குறியீட்டை, சரிபார்க்க முடிவது. விண்டோஸில் சர்ட்யூட்டில் கட்டளை தரும் ஷா-256 என்ற வகை ஹேஷ் மதிப்பில் 64 எழுத்துகள் இருக்கும். பலர் முதல் நான்கையும் கடைசி நான்கையும் பார்த்துத் தலையாட்டிவிடுவார்கள். தயாரிப்பாளரின் தளத்திலிருந்து மதிப்பை உரைக்கோப்பில் எடுத்துவந்து, இரண்டையும் ஒப்பிடும் வேலையைக் கணினியிடமே விடுவது நல்லது. கோப்பு வழியில் சிதையவில்லை என்பதை ஹேஷ் சொல்லும். அது தயாரிப்பாளரிடமிருந்து வந்தது என்பதை டிஜிட்டல் கையொப்பம்தான் உறுதிசெய்யும். ஹேஷ் சரியாக இருந்தும், ஏற்றும்போது ஃபயர்வால் செய்யும் கையொப்பச் சோதனை தோற்றால், முதலில் ஃபயர்வாலின் கடிகாரத்தைப் பாருங்கள். நேரச் சேவையகம் எட்டாத கருவியில் தேதி பின்தங்கிக் கிடப்பது அரிதல்ல.

கோப்புகள் முழுமையாக வந்தனவா என்பதும் இங்கேயே தெரிந்துவிடும். பாலோ ஆல்டோவில் 10.2 என்ற ஃபர்ம்வேர் வரிசையின் பிந்தைய பதிப்புக்குப் போக, அதன் அடிப்படைக் கோப்பான 10.2.0-வும் கருவியில் இருக்க வேண்டும். கூடவே உள்ளடக்கத் தொகுப்பும் (செயலிகள், தாக்குதல்களின் அடையாளங்கள் அடங்கியது) குறைந்தபட்சப் பதிப்பிலாவது இருக்க வேண்டும். ஒன்றை மறந்தால் ஓசூரிலிருந்து போச்சம்பள்ளி ஆலைக்குப் போனவர் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

மூன்றாவது வழி, ஆலைக்குள்ளேயே அப்டேட் சர்வர் ஒன்றை நிறுவுவது. ஃபோர்ட்டிகேட் கருவிகளை மையமாக நிர்வகிக்கும் ஃபோர்ட்டிமேனேஜரை இணையமற்ற முறையில் இயக்கி, தொகுப்புகளை அதில் ஏற்றினால், ஃபயர்வால்கள் அனைத்தும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். உரிமக் கட்டணம், சர்வர், அதைப் பராமரிக்க ஆள் என்று செலவு கூடும். ஒரே ஒரு ஃபயர்வாலின் ஃபர்ம்வேருக்காக மட்டும் என்றால் இது வீண்.

எதைத் தேர்வது என்பதைக் கருவிகளின் எண்ணிக்கையைவிட, எதை அப்டேட் செய்கிறோம் என்பதே முடிவு செய்கிறது. ஃபர்ம்வேர் ஆண்டுக்குச் சில முறை மாறும், மறுதொடக்கமும் கேட்கும். பெங்களூரா மாம்பழ லாரிகள் வரிசையில் நிற்கும் மே, ஜூன், ஜூலை மாதங்களில் மாங்கூழ் ஆலையில் அதற்கு நேரம் கிடைக்காது. ஏப்ரலுக்குள் முடித்துவிட வேண்டும். இதற்கு லேப்டாப் வழியே போதும். தெரிந்த தாக்குதல்களை ஃபயர்வால் இனங்காண உதவும் தாக்குதல் அடையாளத் தொகுப்புகளோ நாளுக்கு நாள் புதுப்பிக்கப்படுபவை. அவற்றை வாராவாரம் கையால் சுமக்கும் ஏற்பாடு முதல் மாதம் ஒழுங்காக நடந்து, பிறகு தேய்ந்துபோகும். அந்த அடையாளங்களை வைத்துத் தாக்குதல்களை நிறுத்தும் ஊடுருவல் தடுப்பு வசதி, பழைய தொகுப்போடு ஓடினால் வேலை செய்வதுபோல் தோற்றம் மட்டுமே தரும். ஆகவே அந்த வசதியை உண்மையிலேயே நம்பியிருப்பவர்கள் உள் சர்வருக்குச் செலவிடட்டும்; முகவரி, போர்ட் அடிப்படையிலான விதிகளோடு நிறுத்திக்கொள்பவர்களுக்கு அது தேவையில்லை.

நேரடியாகச் செருகும் பென் டிரைவை, கருவி துவங்காமல் நின்றுபோகும் நாளுக்கென்று நான் ஒதுக்குவேன். இப்போது ஓடும் பதிப்பின் ஃபர்ம்வேரும் கடைசியாக எடுத்த அமைப்புப் பிரதியும் அதில் இருக்கட்டும். அமைப்புப் பிரதியில் கடவுச்சொல் விவரங்கள் அடங்கியிருப்பதால், அதைக் குறியாக்கம் செய்து, டிரைவை ரேக்கிலேயே தொங்கவிடாமல் பீரோவில் பூட்டி வைக்க வேண்டும்.