பரிணாமப் பாடத்தை எங்கே தொடங்குவது: அந்துப்பூச்சியா, பாக்டீரியாவா?

இயற்கைத் தேர்வு என்றதும் பாடப்புத்தகங்கள் காட்டுவது இங்கிலாந்தின் அந்துப்பூச்சியைத்தான். மான்செஸ்டரில் 1848-இல் கறுப்பு வகை பதிவானது. 1895 வாக்கில் அங்கே சுமார் 98 சதவீதம் கறுப்பு. ஆலைப்புகையில் மரங்கள் கறுத்ததால் வெளிர் பூச்சிகள் பறவைகளின் கண்ணில் பட்டு இரையாயின; கறுப்பு தப்பிப் பெருகியது. படம் போட்டாலே புரியும். ஆனால் தேர்வுத்தாளில் "புகை பட்டுப் பூச்சி கறுத்தது" என்று பலர் தவறாக எழுதிவைப்பார்கள்.

பாக்டீரியா கண்ணுக்குத் தெரியாது, சரி. ஆனால் ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட காணொளியைப் போட்டுக் காட்டுங்கள். நாலடி நீளத் தட்டு; ஓரங்களில் மருந்தே இல்லை, நடுவை நோக்கிப் படிப்படியாகக் கூடும் ஆன்டிபயாடிக், பாக்டீரியாவைத் தடுக்கும் அளவைப்போல ஆயிரம் மடங்கு வரை. ஒவ்வொரு எல்லையிலும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவின் கூட்டம் முட்டி நிற்கிறது. அப்புறம் ஏதோ ஒரு புள்ளியிலிருந்து மட்டும் விசிறிபோல் பரவுகிறது. சுமார் 11 நாளில் நடுவை எட்டிவிடுகிறது. அந்தப் புள்ளி வரும்போது காணொளியை நிறுத்தி, "மற்றவை ஏன் வரவில்லை?" என்று கேளுங்கள். மருந்து யாரையும் மாற்றவில்லை, ஏற்கெனவே மாறியிருந்ததை விட்டுவைத்தது என்று மாணவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரே ஒரு பீரியட்தான் என்றால் நான் பாக்டீரியாவையே எடுப்பேன். காற்று சுத்தமானதும் வெளிர் பூச்சிகள் திரும்பி வந்த கதையை மட்டும் மறுநாள் சொல்லலாம்.