திருவல்லிக்கேணி பாரதியார் இல்லம்: ஒரு பார்வை

ஒரு கவிஞரின் நினைவு நாளுக்கு அரசு செய்வது மாலை, மரியாதை, அறிக்கை என்று முடிந்துவிடுமோ என்ற கவலை எனக்கு எப்போதும் உண்டு. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதி தம் கடைசி நாட்களில் வாழ்ந்த வீட்டை விலைக்கு வாங்கி நினைவில்லமாகத் தமிழ்நாடு அரசு பேணிவருவதைப் பார்க்கும்போது அந்தக் கவலை பெரிதும் தணிகிறது.

உள்ளே புகைப்படங்களுக்கு முன்னால் நிதானமாக நிற்க வேண்டும். தலைப்பாகையும் முறுக்கிய மீசையும் நாம் அறிந்தவைதாம். ஆனால் அவர் வாழ்ந்த சுவர்களுக்குள்ளேயே அந்தக் கண்களை எதிர்கொள்ளும்போது, 39 வயதுகூட நிறையாமல் போய்விட்டாரே என்று நெஞ்சு கனத்துவிடுகிறது.

நூற்றாண்டு நினைவையொட்டி 2021இல் செப்டம்பர் 11 ‘மகாகவி நாள்’ என அறிவிக்கப்பட்டது. அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்த பின்னர் என்பதால், நாட்காட்டிப்படி அது செப்டம்பர் 12 ஆகும். அரசு விழாவில் இந்தத் துல்லியம் இருந்திருக்கலாம் என்பது என் கருத்து. எந்த விழாவையும்விட, 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்று, பின்னர் அவற்றை மக்களுக்கே பொதுவாக்கியதைத்தான் அரசு செலுத்திய மிகப் பெரிய அஞ்சலியாக நான் மதிக்கிறேன்.

பிறந்த நாளான டிசம்பர் 11ஐத் தவிர்த்து, வேறொரு நாள் காலையில் செல்லுங்கள். பார்த்தசாரதி கோயிலுக்கும் அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.