எல்க் வேட்டைக்கு எந்த மஸில்லோடர்: சைடுலாக்கா, இன்லைனா?

அமெரிக்காவின் கொலராடோவில் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாட, செப்டம்பரில் ஒன்பது நாள் நடக்கும் மஸில்லோடர் பருவத்துக்குக் குலுக்கலில் பெயர் விழுந்துவிட்டால், அடுத்து வரும் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "எந்தத் துப்பாக்கி அதிக தூரம் அடிக்கும்?" தொலைவை முதலில் வைத்துத் துப்பாக்கி தேடினால் தேர்வு பிசகிவிடும் என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது மாநில விதிப் புத்தகத்தை. அடுத்தது குண்டு. துப்பாக்கி மூன்றாவதாக வந்தால் போதும்.

மஸில்லோடர் என்றால் குழலின் வாய்வழியாக வெடிமருந்தைக் கொட்டி, குண்டை வைத்து, கம்பியால் இடித்து இறக்கிச் சுடும் துப்பாக்கி. நம் ஊர் நாட்டுத் துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்கு இதன் அடிப்படை உடனே பிடிபடும். ஒரு வித்தியாசம் முக்கியம். நாட்டுத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பாக இருக்கும், ரவை போட்டுச் சுடுவார்கள். எல்க் வேட்டைக்கானதில் குழலுக்குள் முறுக்கு வரிகள் உண்டு, ஒற்றைக் குண்டுதான் போகும்.

எல்க் பெரிய உடம்புக்காரன். வளர்ந்த ராக்கி மலை ஆண் எல்க் சுமார் 320 கிலோ, பெண் 225 கிலோ இருக்கும். தோள்பட்டை எலும்பு கனமானது, நெஞ்சுக்கூடு ஆழமானது. மான் வேட்டைக்குப் போதுமான குண்டு இங்கே பாதி வழியில் நின்றுவிடலாம். அந்தக் காயத்தோடு விலங்கு மூன்று மலைமுகடு தாண்டிப் போய்ச் சாகும். வேட்டையில் இதைவிட மோசமான முடிவு எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் கொலராடோவில் எல்க்குக்குக் குழல் விட்டம் குறைந்தது .50 அங்குலம் இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

அதே விதிகள் இன்னும் சிலவற்றைத் தடுக்கின்றன. தொலைநோக்கி கூடாது, திறந்த குறிதான். பிளாஸ்டிக் உறையில் சிறிய குண்டை நுழைத்துச் சுடும் சேபோ கூடாது. மாத்திரையாக அழுத்திய மருந்து கூடாது, தூளாக அளந்துதான் போட வேண்டும். இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தும் கூடாது. கடையில் "ஆரம்பக்காரர் தொகுப்பு" என்று துப்பாக்கியோடு சேர்த்து விற்கும் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது தொலைநோக்கியும் சேபோவும் மாத்திரை மருந்தும்தான். மூன்றுமே இந்தப் பருவத்தில் பயன்படாது. அந்தப் பணத்தைத் தனிக் குண்டிலும் நல்ல பின்குறியிலும் போடுங்கள்.

சைடுலாக்

சுத்தியல் துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும். விசையை இழுத்தால் அது கேப் என்ற சிறு பற்றவைப்பு மூடியின் மேல் விழும், அந்தப் பொறி பக்கத் துளை வழியாக வளைந்து மருந்துக்குப் போகும். 1820களிலிருந்து செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் ராக்கி மலை வேட்டைக்காரர்களுக்காகச் செய்த கனத்த துப்பாக்கிகளின் வழிவந்தது இந்த வடிவம். ராக்கி மலையோடு இவ்வளவு நெருங்கிய உறவுள்ள ஆயுதம் வேறில்லை, அந்த ஈர்ப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

இன்றைக்குக் கையில் கிடைப்பவை தாம்ப்சன் சென்டர் ஹாக்கன், லைமன் கிரேட் பிளெயின்ஸ், டிரெடிஷன்ஸ், பெடர்சோலி வகைகள். தாம்ப்சன் ஹாக்கன் பழைய சந்தையில்தான் கிடைக்கும், ஆனால் ஏராளமாகப் புழங்கியதால் நல்ல நிலையில் இருப்பதைத் தேடிப் பிடிக்கலாம். வாங்கும்போது குழலுக்குள் விளக்கடித்துத் துரு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கழுவாமல் மூலையில் சாத்தி வைத்தவர்கள் நிறையப் பேர்.

இதன் பலவீனம் மழை. கொலராடோவில் 10,000 அடி உயரத்தில் செப்டம்பர் தொடக்கத்தில் பிற்பகல் இடிமழை சாதாரணம். கேப் வெளியே திறந்து கிடக்கிறது, பொறி போகும் வழியும் வளைவானது. ஈரம் ஏறினால் "டப்" என்று கேப் மட்டும் வெடிக்கும், மருந்து பற்றாது. இதற்கு மலிவான பாதித் தீர்வு ஒன்று உண்டு. சிறிய 11ஆம் எண் கேப் உட்காரும் முனையைக் கழற்றிவிட்டு மஸ்கெட் கேப்புக்கான முனையை மாட்டுவது. மஸ்கெட் கேப் பெரியது, பொறியும் அதிகம், விறைத்த விரலுக்கும் பிடிபடும். மெழுகு தடவிய தோல் துண்டால் சுத்தியலும் கேப்பும் இருக்கும் பகுதியை மூடி நடப்பதும் பழைய வழக்கம், இன்றும் பலன் தருகிறது.

இன்லைன்

1985இல் மிசூரியைச் சேர்ந்த டோனி நைட் எம்.கே.-85 என்ற துப்பாக்கியைக் கொண்டுவந்த பிறகு இந்தத் துறையே மாறியது. கேப்பை மருந்துக்கு நேர் பின்னால் வைத்துவிட்டார், பொறி நேராகப் பாய்கிறது. பிற்பாடு கேப்புக்குப் பதிலாக ஷாட்கன் தோட்டாவைப் பற்றவைக்கும் 209 பிரைமரையே பயன்படுத்தத் தொடங்கினார்கள். இப்போது விற்பவற்றில் சி.வி.ஏ. வுல்ஃப், ஆப்டிமா, அக்யூரா, டிரெடிஷன்ஸ் பர்சூட் போன்றவை நடுவில் மடங்கித் திறக்கும் வகை. பிரைமர் மூடிய இரும்புக்குள் உட்கார்ந்திருப்பதால் மழை எளிதில் தொடாது. பின்பக்க அடைப்பைக் கையாலேயே திருகிக் கழற்றிவிட்டு, குழலின் இரண்டு பக்கமும் திறந்த நிலையில் கழுவலாம். கூடாரத்தில் ஒரு வாரம் தங்குபவருக்கு இந்தக் கடைசி வசதி எவ்வளவு பெரியது என்பது மூன்றாவது இரவில் தெரியும்.

எடையிலும் இன்லைன்தான் முன்னால். ஆப்டிமா மூன்று கிலோ சொச்சம், 32 அங்குலக் குழல் உள்ள லைமன் கிரேட் பிளெயின்ஸ் நான்கு கிலோவைத் தாண்டும். மூச்சு வாங்கும் உயரத்தில் அந்த ஒரு கிலோ தோளில் தெரியும்.

பிளின்ட்லாக் பற்றியும் கேட்பார்கள். சக்கிமுக்கிக் கல் உரசித் திறந்த தட்டில் மருந்து பற்றும் வகை. அழகு, வரலாறு, திறமை எல்லாம் உண்டு. ஆனால் விசை இழுத்ததற்கும் வெடிப்புக்கும் நடுவே நேரம் நீளும், மழையில் தட்டு மருந்து கூழாகும், கரிமருந்துக்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸ் போன்றவை அந்தச் சிறு பொறிக்குச் சரியாகப் பற்றாது. முதல் எல்க்குக்கு இதை எடுக்காதீர்கள்.

சாவேஜ் 10எம்.எல் போன்ற புகையில்லா மருந்துத் துப்பாக்கிகள் கொலராடோவின் இந்தப் பருவத்துக்கே ஒத்துவராது. ஒரு எச்சரிக்கையை மட்டும் சொல்லியே ஆக வேண்டும்: அதற்கென்றே செய்யாத எந்த மஸில்லோடரிலும் புகையில்லா மருந்தை ஒரு சிட்டிகைகூடப் போடாதீர்கள். குழல் வெடிக்கும், கை போகும்.

குண்டும் முறுக்கும்

உண்மையான தேர்வு இங்கேதான் நடக்கிறது. குழலுக்குள் உள்ள வரி எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்றுச் சுற்றுகிறது என்பதே முறுக்கு. 60 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் மெதுவான முறுக்கு, துணி சுற்றிய உருண்டைக் குண்டுக்கானது. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் வேகமான முறுக்கு, நீண்ட குண்டுக்கானது. தாம்ப்சன் ஹாக்கனின் 48 இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்துகொண்டது. வேக முறுக்கில் உருண்டையை வைத்து மருந்தைக் கூட்டினால் துணி வரியைப் பிடிக்காமல் வழுக்கும். மெதுவான முறுக்கில் நீண்ட குண்டு தள்ளாடும். கிரேட் பிளெயின்ஸ் துப்பாக்கியே இரண்டு வடிவில் வந்தது: சாதாரணமானது 60, ஹண்டர் என்று பெயரிட்டது 32. பார்க்க ஒன்றுபோல இருக்கும். பழைய சந்தையில் வாங்குபவர் குழலில் பொறித்ததைப் படிக்காமல் பணத்தை எடுக்கக் கூடாது.

.50 குழலுக்கான ஈய உருண்டை சுமார் 177 கிரெயின் எடை (15 கிரெயின் ஏறக்குறைய ஒரு கிராம்). உருண்டை காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். 100 கஜம் போவதற்குள் அதன் ஆற்றலில் பாதிக்கும் கீழ்தான் மிஞ்சும். ஹார்னடி கிரேட் பிளெயின்ஸ் போன்ற கூம்புக் குண்டு 385 கிரெயின், உருண்டையைவிட இரு மடங்குக்கு மேல். புறப்படும்போது மெதுவாகப் போனாலும் எடை அதைத் தள்ளிக்கொண்டே போகும், எலும்பைத் தாண்டி மறுபக்கம் வெளியேற நல்ல வாய்ப்பு உண்டு. இரண்டு துளை இருந்தால் இரத்தத் தடம் தெளிவாக விழும். தோர் போன்ற முழுச் செப்புக் குண்டுகளும் சேபோ இல்லாமல் குழலின் அளவுக்கே வருகின்றன, உங்கள் குழலை அளந்து அதற்கேற்ற அளவில் வாங்க வேண்டும்.

என் தீர்ப்பு நேரானது. எல்க்குக்குக் கூம்புக் குண்டு. உருண்டைதான் வேண்டும் என்பவர் .54 குழலுக்குப் போகட்டும், 50 கஜத்துக்குள் பக்கவாட்டில் நிற்கும் விலங்கை மட்டும் சுடட்டும். செப்டம்பர் எல்க்கின் இணைசேரும் காலம். ஆண் எல்க் அலறிக்கொண்டு அழைப்பொலிக்கு நெருங்கி வரும் என்பதால் 50 கஜம் என்பது நடக்கக்கூடிய தூரம்தான். ஆனால் கடைசி 30 கஜத்தில் காற்று திரும்பினால் அது நின்றுவிடும், அப்போது கையில் இருக்கும் குண்டுக்கு இன்னும் கொஞ்சம் தூரம் தாங்கும் பலம் வேண்டும்.

தூரம் பற்றிய வீண் கனவு

இன்லைன் விளம்பரங்கள் 200 கஜம் என்று பேசும். தொலைநோக்கி, சேபோ, மாத்திரை மருந்து எல்லாம் அனுமதிக்கும் மாநிலங்களில் அது சரி. கொலராடோவில்? முன்குறியின் மணி ஒரு அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். கண்ணிலிருந்து ஒரு கஜம் தள்ளியிருந்தால், 100 கஜத்தில் அது சுமார் 6 அங்குலத்தை மறைக்கும், 200 கஜத்தில் 12 அங்குலத்தை. எல்க்கின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடமே ஏறக்குறைய அவ்வளவுதான். போதாததற்கு, 100 கஜத்துக்குச் சரிபார்த்த கனமான கூம்புக் குண்டு 150 கஜத்தில் சுமார் முக்கால் அடி இறங்கிவிடும். ஆகவே இங்கே இன்லைனும் சைடுலாக்கும் தூரத்தில் கிட்டத்தட்டச் சமம். இரண்டுக்கும் 100 கஜமே எல்லை என்று வைத்துக்கொள்வது விலங்குக்குச் செய்யும் நியாயம்.

சொல்லப்போனால் குறி விஷயத்தில் சைடுலாக்குக்கு ஒரு சாதகமும் உண்டு. குழல் நீளமானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி கூடும், குறிபார்ப்பது திருத்தமாகும். இன்லைன் வாங்குபவர் தொழிற்சாலைப் பின்குறியைக் கழற்றிவிட்டு வில்லியம்ஸ் போன்ற துளைக்குறியை மாட்டினால் அந்தக் குறை தீரும். நாற்பது வயது தாண்டிய கண்களுக்கு அது பெரிய உதவி.

மருந்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. கரிமருந்தும் பைரோடெக்ஸும் விட்டுச்செல்லும் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும், சுட்ட அன்றே வெந்நீரில் கழுவ வேண்டும். இன்னொரு மாற்று மருந்தான பிளாக்ஹார்ன் 209 அப்படி அரிக்காது, கசடும் குறைவு. ஆனால் பெயரிலேயே இருக்கிறபடி அதற்கு 209 பிரைமரின் சூடு தேவை. 11ஆம் எண் கேப்பையோ மஸ்கெட் கேப்பையோ நம்பி அதைப் போட முடியாது. எனவே அது இன்லைன்காரருக்கு மட்டும் கிடைக்கும் வசதி.

வேறு மாநிலத்துக்கும் போவீர்களா?

ஐடஹோவின் மஸில்லோடர் பருவத்தில் கேப் வெளியே தெரிய வேண்டும், 209 பிரைமர் கூடாது. ஓரிகனிலும் பற்றவைப்பு வெளியே திறந்துதான் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக்கென்று சி.வி.ஏ., நைட் நிறுவனங்கள் மஸ்கெட் கேப்பில் இயங்கும் நார்த்வெஸ்ட் வடிவங்களை விற்றிருக்கின்றன, ஆனால் ஒவ்வொரு மாநிலத்தின் அந்த ஆண்டு விதியோடு மாடலை ஒப்பிட்ட பிறகே வாங்க வேண்டும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

சரி, எதை வாங்குவது? கொலராடோவில் மட்டும், முதல் முறை என்றால் .50 ஆப்டிமா அல்லது வுல்ஃப், 28 முறுக்கு, துளைக்குறி, குழலுக்கேற்ற கூம்புக் குண்டு, பிளாக்ஹார்ன். வுல்ஃப் விலை குறைந்தது, அக்யூராவுக்குச் செலவழிக்கும் மிச்சப் பணம் 100 கஜத்துக்குள் விலங்குக்கு எந்த வித்தியாசமும் காட்டாது. பல மாநிலங்களுக்குப் போகும் எண்ணம் இருந்தால் 32 முறுக்குள்ள சைடுலாக், மஸ்கெட் முனையோடு. இவ்வளவு மாநில விதிகளுக்கும் ஒரே துப்பாக்கியாக ஈடுகொடுக்க அதற்குத்தான் வாய்ப்பு அதிகம், மழைக்கான கூடுதல் கவனத்தை நீங்கள் கொடுத்தால்.

எதை எடுத்தாலும் வண்டியில் ஏறும்போது கேப்பையோ பிரைமரையோ எடுத்துவிடுங்கள், கொலராடோவில் அப்போதுதான் அது காலித் துப்பாக்கியாகக் கணக்கு. இரவில் மருந்திட்ட துப்பாக்கியைச் சூடான கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள், குளிர்ந்த இரும்பில் நீர்த்துளி படிந்து மருந்து நனையும். சுட்டதும் விலங்கு விழுந்ததா என்று ஓடிப் பார்ப்பதற்கு முன், நின்ற இடத்திலேயே மறுபடி மருந்தும் குண்டும் இறக்குங்கள்.