கீழக்கரை ஏறுதழுவுதல் அரங்கம்: பார்வைக்கு வசதி, மனசுக்கு?

அலங்காநல்லூர் பக்கம் 62 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்து அரசு கட்டிய அரங்கம். 2024 ஜனவரியில் திறந்தார்கள். கேலரியில் உட்கார்ந்தால் வாடிவாசல் வாய் நேராகத் தெரிகிறது. காளை சீறி வருவது, திமிலைப் பிடித்தவன் தொங்குவது, மாடு நின்று விளையாடுவது எதுவும் தப்பாது. ஊருக்குள் என்றால் முன்னால் நிற்கிறவர் முதுகைத்தான் பார்க்கணும். அம்மாவைக்கூடத் தைரியமாகக் கூட்டிப் போகலாம்.

ஆனால் எங்கள் பக்கத்துச் சண்டை வேறு. கோயில் காளையை முதலில் அவிழ்க்கிற மண்ணை விட்டு வர மனசு வருமா? அலங்காநல்லூர் பொங்கல் ஜல்லிக்கட்டு இன்றும் ஊருக்குள் இருக்கும் பழைய வாடிவாசலில்தான் நடக்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை கோடி என்பார் மாமா. எனக்கோ, மற்ற மாதங்களில் கபடியாவது நடத்தினால் போட்ட காசுக்குப் பழுதில்லை என்று தோன்றுகிறது. ஊருக்கு வெளியே மலையடிவாரம், சொந்த வண்டியில் போவது நல்லது.